அடுத்த ஆள் இல்லாத கடிதம்

1

இந்தக் கதை எனக்குத் தானாக வரவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் வந்து இரண்டு கடிதம் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ஒன்று நன்றாக வந்தது, இன்னொன்று வரவில்லை. ஏன் அப்படி ஆனது என்று அறையில் தனியாக உட்கார்ந்து யோசித்ததில், யோசனை நீண்டுகொண்டே போய் இப்படி ஆகிவிட்டது. எனக்கு எழுத யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் தையல் வெளியே தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதில் நல்லது எதுவும் நடக்கப்போவதில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வேறு வேலை இருந்தால் போய்ப் பார்க்கலாம்.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'நூலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும் என்றாலும் ஒன்பதரைக்கே வாசலில்—' (அடித்துவிட்டேன். பேப்பரில் வரும் செய்தி மாதிரி இருக்கிறது.)

'ஒரு கடிதம் தொலைவது என்பது—' (வேண்டாம். அடுத்து நான் தத்துவம் பேச ஆரம்பித்துவிடுவேன்.)

'அக்காவின் கைக்கே தனியாகக் கண் உண்டு.' (இது இருக்கட்டும். இது உண்மை. வினையே இதில்தான் இருக்கிறது.)

2

அக்கா என்பவர் ஒரு கிளை நூலகத்தின் கவுன்ட்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவர். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

நூலகம் என்றதும் நீங்கள் அமைதியான ஓர் இடத்தை நினைத்திருப்பீர்கள். சலவைக் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் ஷட்டர் போட்ட தரைத்தள ஹால் இது. எட்டு கம்ப்யூட்டர், எட்டிலும் ஆள். பிரின்டரைச் சுற்றி ஒரு கூட்டம், ஃபோன் சார்ஜ் போடும் சுவரோரம் இன்னொரு கூட்டம். மாதம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்க நர்ஸ் வருவார். தையல் மெஷினும் டிரில்லிங் மெஷினும் இரவல் கிடைக்கும். செவ்வாய்க்கிழமைகளில் இந்த ஊர் மொழியைப் பேசிப் பழகும் வட்டம் ஒன்று கூடும். அதில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து 'நான் நலமாக இருக்கிறேன்' என்று பொய் சொல்லிப் பழகுவார்கள். சனிக்கிழமை இரண்டிலிருந்து நாலு மணிவரை விண்ணப்பம் நிரப்பித் தரும் மேசை. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான்.

புதிதாக வந்த ஒருவர் இதையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"இங்க புஸ்தகமும் தருவீங்களாக்கா?"

"கேட்டா தருவோம். இந்த வாரத்துல நீங்கதான் முதல் ஆளு."

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி ஒன்று அந்தக் கிளையில் இருந்தது. எந்த அறிவிப்புப் பலகையிலும் அது இல்லை. ஒரே அறையில் எட்டுப் பேர் முறை வைத்துத் தூங்குகிறவர்கள், மாதம் ஒரு இடம் மாறுகிறவர்கள், வாடகைக்கு விட்டவர் 'என் விலாசத்த யாருக்கும் குடுக்கக் கூடாது' என்று மிரட்டி வைத்திருப்பவர்கள், இவர்கள் கடிதம் வந்துசேர நூலகத்தின் முகவரியைக் கொடுத்துக்கொள்ளலாம். என்றைக்கோ ஒருவர் கவுன்ட்டரில் அழுதபோது, "சரி சரி, நம்ம விலாசத்தையே போட்டுக்கங்க, அதுக்கு எதுக்கு அழுகை" என்று அக்கா சொன்னதில் ஆரம்பித்தது. இப்போது முப்பத்திரண்டு பேர். மேலிடத்துக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள்.

முப்பத்திரண்டில் ஒருவர் பெயின்டர். மனைவியையும் மகளையும் இங்கே அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டுவிட்டு நாலு வருடமாக நேர்காணல் கடிதத்துக்குக் காத்திருப்பவர்.

3

முன்பெல்லாம் கடிதங்கள் ஒரு ஷூ பெட்டியில் கிடக்கும். யாராவது கேட்டால் பெட்டியைக் கவிழ்த்துத் தேட வேண்டும். அக்காவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பத்தொன்பது வருடமாக எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைக்கிறவருக்கு ஒரு ஷூ பெட்டி எப்படிப் பிடிக்கும்?

கவுன்ட்டருக்குப் பின்னால் முன்பதிவுத் தட்டு இருக்கிறது. ஒரு புத்தகத்துக்கு நீங்கள் சொல்லி வைத்தால், அது வந்ததும் உங்கள் அட்டையின் கடைசி நாலு எண்ணும் வந்த தேதியும் எழுதிய சீட்டைச் சுற்றி அங்கே வைப்பார்கள். ஏழு நாளில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வராவிட்டால் புத்தகம் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். போன வருடம் அக்கா அதன் கீழ்த்தட்டைக் கடிதங்களுக்கு ஒதுக்கினார். அதே சீட்டு, அதே நாலு எண், அதே தேதி. ஏழு நாள் கணக்கு மட்டும் கிடையாது. கடிதம் எத்தனை நாளானாலும் இருக்கும். யாரும் காத்து நிற்காமல் ஒரு நொடியில் கைக்கு வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். நான்கூடப் பாராட்டினேன்.

பள்ளி விடுமுறை தொடங்கும்போது பெயின்டருக்கு வெளியூர்ப் பள்ளி ஒன்றுக்கு வர்ணம் அடிக்கும் வேலை வந்தது.

"அக்கா, ஒரு பத்து நாள் இருக்க மாட்டேன். ஏதாவது வந்தா பத்திரமா வச்சிருங்க."

"போய்ட்டு வாங்க. நான் எங்க ஓடிப்போறேன்?"

அவர் கிளம்பிய மறுநாள் கடிதம் வந்தது, பதிவுத் தபாலில். அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கினார். கடிதம் வந்தாலே அவருக்குச் சந்தோஷம்; யாருக்கு என்பது மனதில் நிற்காது, அட்டை எண் கைக்கே தெரியும். சீட்டு எழுதிக் கீழ்த்தட்டில் வைத்தார். விடுமுறை என்பதால் குழந்தைகள் சொல்லி வைத்த புத்தகங்கள் அந்த வாரம் குவிந்தன. மேல்தட்டுகள் நிறைந்து கீழ்த்தட்டிலும் புத்தகம் ஏறியது.

எட்டாம் நாள் காலை கெடு முடிந்தவற்றை உருவும் வேலை. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பட்டியலைப் பார்த்து உருவுவார்கள். அக்காவுக்குப் பட்டியல் வேண்டாம். ஒரு கை சீட்டின் தேதியைத் தொடும், மறு கை உருவும். புத்தகம் தள்ளுவண்டிக்குப் போகும். புத்தகம், புத்தகம், புத்தகம், பிறகு ஒரு கடிதம். கடிதத்துக்கு வரிசையில் அடுத்த ஆள் இல்லை. அடுத்த ஆள் இல்லாத கடிதத்தை என்ன செய்வது என்பதும் அந்தக் கைக்குத் தெரியும். சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டே போய்விட்டவர்களின் கடிதங்களுக்காக ஒரு சிவப்பு முத்திரை வைத்திருந்தார். 'பெறுநர் இங்கே இல்லை.' முத்திரை விழுந்தது. கடிதம் வெளித்தபால் கூடையில் விழுந்தது. அந்த நேரம் பிரின்டரில் பேப்பர் சிக்கி ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார். அக்கா, "இழுக்காதீங்க, இழுக்காதீங்க, நான் வர்றேன்" என்று—

(நிறுத்துகிறேன். பேப்பர் சிக்கியது நான் சேர்த்தது. அந்த நிமிடம் அக்காவுக்கே நினைவில் இல்லை. கவனம் வேறெங்கோ போனது என்று நான் எழுதினால் உங்களுக்கு அவர்மேல் இரக்கம் வரும், எனக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் அவர் கவனமாகத்தான் இருந்தார். பத்தொன்பது வருடமாக எவ்வளவு கவனமாக இருந்தாரோ அவ்வளவு கவனமாக. அதனால் பேப்பரை எடுத்துவிடுகிறேன். அன்று காலை பிரின்டர் ஒழுங்காக வேலை செய்தது.)

4

வெளியூரிலிருந்து திரும்பிய பெயின்டர் தினமும் வந்து கேட்டார், கீழ்த்தட்டில் எதுவும் இல்லை. ஐந்து வாரம் கழித்து ஒருநாள் கவுன்ட்டருக்கு வந்தார். வரிசையில் நாலு பேர் நிற்க, நேராக முன்னால் வந்தார்.

"ஃபோன் போட்டேன்கா. ஒரு மணி நேரம் பாட்டு போட்டான். அப்புறம் ஒரு அம்மா பேசுச்சு. லெட்டர் அனுப்பியாச்சாம். ஆள் இல்லன்னு திரும்பி வந்துடுச்சாம். நேர்காணல் தேதி முடிஞ்சுபோச்சாம். விண்ணப்பத்த நான் கைவிட்டுட்டேன்னு மூடிட்டாங்களாம். நானா கைவிட்டேன்? நாலு வருஷமா தினம் வந்து உங்க உசுர எடுத்தவன், நானா?"

அக்காவுக்கு முதலில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. வழக்கம்போலக் கேள்விதான் கேட்டார்.

"எந்த விலாசத்துக்கு அனுப்பினாங்களாம்?"

"இங்கதான். எனக்கு வேற எது விலாசம்? தபால்காரன் வேலைக்கா இது. ஷட்டர் மூடியிருந்திருக்கும், சோம்பேறிப் பய, ஆள் இல்லன்னு கிறுக்கிட்டுப் போயிருப்பான். உங்க கைக்கு வந்திருந்தா அது எங்கக்கா போயிருக்கும்?"

பின்னால் நின்ற ஒருவர், "அண்ணே, நாங்களும் மனுசங்கதான், வரிசைன்னு ஒண்ணு இருக்கு" என்றார்.

"இருய்யா, இங்க குடும்பமே போகுது!"

வரிசை அடங்கியது. பெயின்டர் குரலைத் தணித்துச் சொன்னார். இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறதாம். தவறு தன்மேல் இல்லை என்று காட்டினால் மறுபடி திறப்பார்களாம். வருகிற வியாழனுக்குள் நேரில் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மகளுக்குப் பதினெட்டு முடிகிறது.

"அதுக்கப்புறம் அவ என் பொண்ணு கணக்குல வரமாட்டாளாம். தனி ஆளாம். சம்சாரத்துக்கு மட்டும் திரும்ப முதல்லேருந்து போடலாமாம். பொண்ண மட்டும் அங்க விட்டுட்டு அவ எப்படிக்கா வருவா? நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அந்த லெட்டர் இங்க வரவேயில்லன்னு ஒரு பேப்பர்ல எழுதி, சீல் வச்சு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போதும்."

"பாக்கறேன்" என்றார் அக்கா.

அவர் போனதும் வெளித்தபால் நோட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டும்போதே தெரிந்துவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னார். தேதி. 'திருப்பி – 1.' பக்கத்தில் நாலு எண். ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவது அவர் பழக்கம். கோடு இருந்தது. அழகான கையெழுத்து.

நோட்டை மூடி இழுப்பறையில் வைத்துவிட்டு, "அடுத்து யாருங்க?" என்றார்.

5

(பெயின்டரைப் பற்றி எனக்கொரு சந்தேகம். ரொம்ப நல்லவராக எழுதிவிட்டேனோ? பாதிக்கப்பட்டவரை நல்லவராக எழுதுவது சுலபம். சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், அவரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. நனைந்த குடையைக் கொண்டுவந்து செய்தித்தாள் மேசைமேல் வைப்பார். எந்த வரிசையிலும் நிற்க மாட்டார். என் மேசைக்கு ஒருமுறை வந்து, நான் நிரப்பிய விண்ணப்பத்தைப் பார்த்து, "எழுத்தாளரே, கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கே" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். மனைவியிடம் தனக்கு ஜன்னல் வைத்த தனி அறை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். வீடியோவில் பேசும்போது நூலகத்தின் ஜன்னலோரம்தான் உட்காருவார், ஜன்னல் திரைச்சீலையைப் பின்னால் இழுத்துவிட்டு.

இதையெல்லாம் சொன்னதால் வியாழக்கிழமை தள்ளிப்போகாது என்பதும் தெரிகிறது. சொல்லத் தோன்றியது, சொன்னேன்.)

6

மறுநாள் அக்கா மேலாளரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். மேலாளர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். மரியாதையானவர். முடிந்தவரை யாருக்கும் கெடுதல் செய்யாதவர். அதனால் எதையும் எழுத்தில் வைக்காதவர்.

"தம்பி, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நம்ம விலாசத்துக்கு வர்ற கடிதம் ஒண்ணு, நம்ம தப்பால போயிடுச்சுன்னு வைங்க. என்ன ஆகும்?"

மேலாளர் தட்டச்சை நிறுத்தினார்.

"போயிருக்காக்கா?"

"பேச்சுக்குன்னு சொன்னேன்ல."

"பேச்சுக்கே சொல்லாதீங்க. போன கூட்டத்துல என்ன கேட்டாங்க தெரியுமா, நீங்க நடத்தறது நூலகமா தபால் நிலையமான்னு. நான்தான் சிரிச்சு மழுப்பிட்டு வந்தேன். எழுத்துல ஒரே ஒரு தப்பு வந்தா போதும், விலாசம் குடுக்கறத மறுநாளே நிறுத்தச் சொல்லிருவாங்க. அப்புறம் அந்த முப்பத்தி ரெண்டு பேர் எங்க போவாங்க? உங்க வேலை வேற இருக்கு. ரிட்டயர்மென்ட்டுக்கு எத்தன வருஷம்?"

"மூணு."

"மூணு வருஷம் பேச்சுக்குக்கூட எதுவும் கேக்காதீங்கக்கா."

அவர் மறுபடி தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். இரண்டு வார்த்தை அடித்திருப்பார். பிறகு கை அப்படியே நின்றது. ஆனால் தலையைத் தூக்கவில்லை. அக்கா வெளியே வந்தார்.

7

அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு, என் மேசை காலியானதும் அக்கா வந்து, "எழுத்தாளரே, ஒரு நிமிஷம்" என்றார். காகிதமும் பழைய நாற்காலிகளும் கிடக்கும் உள்ளறைக்குக் கூட்டிப்போனார். நோட்டைக் காட்டினார். நான் மேலே எழுதியதெல்லாம் அங்கே அவர் நின்றுகொண்டே சொன்னதுதான். (நின்றுகொண்டா? ஆமாம். நாற்காலிகள் இருந்தன. உட்காரவில்லை.)

"ரெண்டு எழுதுங்க. ஒண்ணு, அவர் கேட்ட மாதிரி, வரவேயில்லன்னு. இன்னொண்ணு, வந்துச்சு, நான் வாங்கினேன், நானே திருப்பி அனுப்பினேன்னு."

"முதல் கடிதத்த அவங்க சரிபார்த்தா?"

"தபால்காரர் நோட்டுல என் கையெழுத்து இருக்கு. அவர் பொய் சொன்னார்னு ஆகிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் எதுவும் போட முடியாது, அவர் சம்சாரத்துக்குக்கூட."

"சரிபார்க்கலன்னா?"

"பார்க்கலன்னா எல்லாரும் தப்பிச்சோம்."

"ரெண்டாவது?"

"அவர் தப்பிப்பார்னு நினைக்கறேன். அதுவும் நிச்சயமில்ல. இங்க கீழ்த்தட்ட மூடிருவாங்க. அது நிச்சயம்." நோட்டை மூடினார். "என் வேலைய விடுங்க. நான் அழுது தீத்துக்குவேன். அந்த முப்பத்தோரு பேருக்கும் என்னைக்கு எந்தக் கடிதம் வரப்போகுதுன்னு யாருக்குத் தெரியும்? கோர்ட்டு, ஆஸ்பத்திரி, பர்மிட்டு. இவரு ஒருத்தருக்காக நான் முப்பத்தோரு முத்திரை குத்தணுமா?"

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"எப்படிச் சொல்றது? என்னை நம்பி தபால்காரன வைஞ்சுகிட்டுத் திரியறார். நேத்து தபால்காரர்கூட சண்டைக்கே போயிட்டார். அந்த மனுசன் பாவம், முழிக்கறார்."

ஹாலில் இருந்து பெயின்டரின் குரல் கேட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்கும்படி பேசுவது அவர் வழக்கம். மகளின் குரலும் தெளிவாக வந்தது.

"அப்பா, ஒரு ஐடியா. கேக்குல மெழுகுவத்தி பதினாறு மட்டும் வச்சுக்கறேன். ஃபோட்டோ எடுத்து உங்க ஆபீஸ்காரங்களுக்கு அனுப்புங்க. ரெண்டு வருஷம் டைம் கிடைக்கும்ல?"

"போடி இவளே. அவனுங்க மெழுகுவத்திய எண்ணுவானுங்க."

"எண்ணட்டும். எண்ணத் தெரியுதான்னு பாப்போம்."

இருவரும் சிரித்தார்கள். உள்ளறையில் அக்கா காகிதக் கட்டு ஒன்றைப் பிரித்து இரண்டு தாள் எடுத்து என்னிடம் நீட்டினார். கை நடுங்கவில்லை. இதை நான் பார்த்தேன் என்பதால் எழுதுகிறேன். நடுங்கியது என்று எழுதியிருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்கும்.

8

எழுதிப் பார்த்த முடிவுகள்:

முடிவு ஒன்று. அக்கா உண்மையில் கையெழுத்துப் போடுகிறார். கோப்பு திறக்கிறது. மகள் வருகிறாள். கீழ்த்தட்டு காலியாகிறது. அடுத்த மாதம் முப்பத்தோரு பேரில் யாரோ ஒருவருக்கு, பெயர் சொல்ல முடியாத ஒருவருக்கு, ஒரு கடிதம்— (இதற்குமேல் எழுத முடியவில்லை. அந்த ஆளுக்கு நான் முகம் வைக்கவில்லை. முகம் இல்லாதவருக்காக யாரும் அழமாட்டீர்கள்.)

முடிவு இரண்டு. அக்கா உண்மையில் கையெழுத்துப் போடுகிறார். கீழ்த்தட்டும் மூடுகிறது, கோப்பும் திறக்கவில்லை. (இதுதான் நடக்கும் என்று எனக்குப் படுகிறது. அலுவலகங்களோடு எனக்குப் பழக்கம் அதிகம்.)

முடிவு மூன்று. பொய்யில் கையெழுத்து. யாரும் சரிபார்க்கவில்லை. மகள் வருகிறாள், கவுன்ட்டருக்கு வந்து அக்காவின் கையைப் பிடித்து நன்றி சொல்கிறாள். (இதை ஆறு முறை எழுதினேன். ஆறு முறையும் அக்கா கையை உருவிக்கொள்கிறார்.)

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எழுதுகிறவன் வேலை. அதை ஏன் செய்யவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பதில் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன்.

முப்பத்தோரு பேரில் நானும் ஒருவன். இந்த மாதம் என் வேலை அனுமதி புதுப்பிக்கும் கடிதம் வர வேண்டும். எனக்கும் நூலகத்தைத் தவிர வேறு விலாசம் கிடையாது. அக்காவுக்கு அது தெரியும். உள்ளறையில் அவர் 'பர்மிட்டு' என்று சொன்னபோது என்னைப் பார்க்காமல் சொன்னார்.

நன்றாக வந்த கடிதம் பொய்க் கடிதம். தேதி, முகவரி, பணிவு எல்லாம் அமைந்து, படித்தால் யாரும் நம்பும்படி ஒரே மூச்சில் வந்தது. உண்மைக் கடிதம் நொண்டியது. 'தவறுதலாக' என்ற சொல்லை வாக்கியத்தில் எங்கே வைத்தாலும் இடறியது. எனக்கு அவ்வளவுதான் வரும் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் இரண்டையும் வாங்கிப் படித்துவிட்டு, "இது ரொம்ப நல்லா இருக்கு" என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

எனவே முடிவை நான் எழுதினால், அதை யார் எழுதியது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். எனக்கு லாபம் உள்ள முடிவை எழுத எனக்கு உரிமை இல்லை. நஷ்டம் உள்ள முடிவை எழுதத் தைரியம் இல்லை. அறையில் மற்ற ஏழு பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். இதைப் பற்றிப் பேச இங்கே யாரும் இல்லை. உங்களிடம்தான் சொல்ல முடிகிறது.

இன்று திங்கள். நூலகத்தில் இந்நேரம் ஷட்டரைத் தூக்கியாகியிருக்கும், அறையில் இருந்தே பார்க்கிறேன். பெயின்டர் உள்ளே வருகிறார். என்ன தோன்றியதோ, இன்று ஒழுங்காக வரிசையில் நிற்கிறார், மூன்றாவது ஆளாக. நூலகத்தின் சீலும் இரண்டு தாள்களும் கவுன்ட்டரின் உட்பக்கம் இருக்கின்றன. பேனாவும் அங்கேதான். இரவல் வாங்குகிறவர்கள் கொண்டுபோய்விடுகிறார்கள் என்று அக்கா அதை நூலால் கட்டி வைத்திருக்கிறார். நூல் குட்டை. இந்தப் பக்கம் நின்று இழுத்தால் எட்டாது. எந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டுமென்றாலும் நீங்கள் சுற்றிப்போய் அவர் நாற்காலியில்தான் உட்கார வேண்டும்.